மேற்குச் சுவரில் பதினோரு இடங்கள்

ஹார்லோ லேக்,
வட மின்னசோட்டா.
ஜனவரி 29, 1979

லெம்பி,

போன்ல பேசலாம்னு எடுத்தேன், வெச்சுட்டேன். எங்க லைன்ல இன்னும் நாலு வீடு சேர்ந்திருக்கு. நான் ரிசீவரை எடுத்தாலே நாலு பேர் மூச்சு விடற சத்தம் கேக்குது. அண்ணனும் தங்கச்சியும் சண்டை போடறதை அவங்களுக்கு எதுக்கு ஓசியில காட்டணும்? அதான் கடுதாசி.

உன் ரிப்போர்ட் நகலை மாவட்டக் குழு ஆபீஸ்ல என் கையில கொடுத்தாங்க. கொடுத்த பொண்ணு என் முகத்தைப் பாக்கலை. "பிர்ச் முதியோர் இல்லம். மேற்குச் சுவரில் பதினோரு இடங்களில் குளிர்காப்புப் பஞ்சு இல்லை." அடியில உன் கையெழுத்து.

பஞ்சு இல்லைன்னா என்ன அர்த்தம்? கட்டினவன் சுருட்டிட்டான்னு அர்த்தம். கட்டினவன் நான். நேத்து கூட்டுறவுக் கடைக்கு ஆணி வாங்கப் போனேன். அங்கே இருந்த வில்ஹோ சொல்றான், "ஆர்வோ, ஆணியையாவது அடிப்பியா, இல்ல அதையும் விட்டுடுவியா?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். ஆணி வாங்காமலே வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

மார்ச் பத்தொன்பதாம் தேதி கூட்டத்துல முடிவு பண்ணுவாங்களாம். இல்லத்தை மூடிட்டு, இருக்கிற இருபத்திரண்டு பேரையும் டுலூத்துக்கும் அதுக்கு அந்தப் பக்கமும் பிரிச்சு அனுப்பப் போறாங்களாம். மிஸ் ஹகாலாவை ஞாபகம் இருக்கா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில நாப்பது வருஷம் இருந்தவங்க. அப்பா சுரங்கத்துல செத்த அன்னிக்கு, இதை போன்ல சொல்லக் கூடாதுன்னு, பனியில ரெண்டு மைல் நடந்து நம்ம வீட்டுக்கு வந்தாங்களே, அவங்கதான். எண்பத்து நாலு வயசு. அவங்களை எந்த ஊருக்கு ஏத்துவாங்க, சொல்லு.

இன்னொண்ணும் இருக்கு. ஜனவரி பதினாறு நீ வரேன்னு இல்லத்து மேனேஜர் சொல்லியிருந்தார். எல்னா மீன் சூப்பு வெச்சா. ஏலக்காய் ரொட்டி சுட்டா. நானும் ஏழு மணிக்கு வேலையை முடிச்சுட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறதா இருந்தேன். நீ அஞ்சே முக்காலுக்கே வேனைக் கிளப்பிட்டுப் போயிட்டே. உங்க அண்ணிக்கு அதை யார் சொன்னாங்க தெரியுமா? அடுத்த நாள் பால் வண்டிக்காரன்.

ஆர்வோ


மினியாபொலிஸ்,
பிப்ரவரி 3, 1979

அண்ணா,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன்.

முதலில் அண்ணியிடம் மன்னிப்பு. அந்த வேலை வந்த அன்றே மாவட்டக் குழுவிடம் சொன்னேன்: கட்டியவர் என் அண்ணன், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று. இருநூறு மைலுக்குள் சூட்டைப் படம்பிடிக்கும் கேமரா வேறு கிடையாது, நீங்களே செய்யுங்கள் என்றார்கள். அன்று உங்கள் வீட்டில் நான் சாப்பிட்டிருந்தால், ரிப்போர்ட்டில் நல்லதாக எதை எழுதினாலும் அண்ணன் வீட்டுச் சூப்பு பேசுகிறது என்பார்கள். அதனால்தான் ஓடினேன். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றைத் தின்றுவிட்டு அழுதேன். அதை எந்தப் பால் வண்டிக்காரனும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டான்.

நீங்கள் சுருட்டினீர்கள் என்று நான் எழுதவில்லை. ஒருநாளும் எழுத மாட்டேன். நான் பார்த்ததை எழுதினேன். திரவ நைட்ரஜனை ஊற்றிக் கேமராவைக் குளிர்வித்தபின், திரையில் சூடான இடம் வெள்ளையாகவும் குளிர்ந்த இடம் கறுப்பாகவும் தெரியும். அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. வெளியில் நின்று பார்த்தால் அந்தச் சுவர் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். பதினோரு இடங்களில் வெள்ளையாக எரிந்தது. உள்ளேயிருக்கும் சூடு அங்கே வெளியே ஒழுகுகிறது என்றுதான் அதற்குப் பொருள். படங்கள் என்னிடம் இருக்கின்றன. கேமராவுக்கு அண்ணன் தங்கை தெரியாது.

பஞ்சு வைத்தது உங்கள் கையா, வேறு யாராவது ஆட்களா? கேட்க வேண்டியிருக்கிறது. கோபப்படாதீர்கள்.

லெம்பி


ஹார்லோ லேக்,
பிப்ரவரி 9

லெம்பி,

கவர்ல இருக்கிறதை வெறும் கையால தொடாதே, அரிக்கும்.

மஞ்சளா ஒரு பிடி இருக்கே, அதான் நீ இல்லைன்னு எழுதின பஞ்சு. உன் ரிப்போர்ட்ல ஏழாம் நம்பர் இடம், மிஸ் ஹகாலா அறை. அவங்க கட்டிலை நகத்திட்டு, உள் சுவரை ரம்பத்தால ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டினேன். மேனேஜரும் மாவட்டக் குழு ஆளும் பக்கத்துல நின்னாங்க. பஞ்சு முழுசா இருக்கு. ஈரம் கிடையாது, சரிஞ்சு இறங்கவும் இல்லை. அப்புறம் மூணாம் நம்பரை வெட்டினேன். அப்புறம் பத்து. எல்லாத்துலயும் இருக்கு. வெச்சது யார் கைன்னு கேட்டியே, என் கைதான்.

மிஸ் ஹகாலா நாற்காலியில கம்பளி போத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தாங்க. "உன் தங்கச்சி சின்ன வயசுல இருந்தே கணக்குல கெட்டி, ஆனா அவசரக்காரி"ன்னாங்க. நான் நினைச்சதை அந்த அம்மா காதால கேக்கக் கூடாது.

உன் கேமராவுக்கு அண்ணன் தங்கச்சி தெரியாது, சரி. பஞ்சும் தெரியாது போல.

ஆர்வோ


மினியாபொலிஸ்,
பிப்ரவரி 14

அண்ணா,

அந்தப் பஞ்சை என் மேஜைமேல் ஒரு காகிதத்தில் வைத்துவிட்டுப் படங்களை எடுத்தேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நேரம் எழுதுவது என் வழக்கம். மேற்குச் சுவர்ப் படங்கள் அத்தனையும் ஐந்து பத்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எடுத்தவை.

அன்று சூரியன் மறைந்தது நாலே முக்காலுக்கு. பகல் முழுக்க மேகமே இல்லை. மத்தியானத்திலிருந்து அந்தச் செங்கல் வெயிலைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் படம் எடுத்தபோது அது ஆறவே இல்லை. திரையில் எரிந்தது வெயில்பட்ட செங்கலின் சூடு, வீட்டுக்குள்ளிருந்து வந்ததல்ல. பதினோரு இடம் ஏன் என்றும் கண்டுபிடித்துவிட்டேன். முற்றத்து ஸ்ப்ரூஸ் மரங்களின் நிழல் எங்கெல்லாம் விழவில்லையோ, அந்த இடங்கள்.

வெயில் பட்ட சுவரை ஐந்தாறு மணி நேரம் ஆறவிட வேண்டும், முடிந்தால் விடிவதற்குமுன் எடுக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான், அண்ணா. அன்று ஏன் காத்திருக்கவில்லை? காத்திருந்தால் ஏழு மணிக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்ல என்னால் முடியாது. மிஸ் ஹகாலா சொன்னது சரி.

மாவட்டக் குழுவுக்கு இன்று எழுதிவிட்டேன்: "மேற்குச் சுவரைப் பற்றிய என் முடிவு தவறு. கட்டியவர்மேல் குறை இல்லை." நகலொன்று உங்களுக்கு. இன்னொன்றைக் கூட்டுறவுக் கடை அறிவிப்புப் பலகைக்கு அனுப்பியிருக்கிறேன், வில்ஹோ படிப்பதற்காக. என் மேலதிகாரி கிரெய்க், "இவ்வளவு பச்சையா எழுதணுமா? மறு ஆய்வு தேவைன்னு ஒரு வரி போட்டா போதாதா?" என்றார். போதாது என்றேன். அப்போதிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

முப்பத்தேழு வயது, தொழில் தெரிந்த கையை நான் ஊர் சிரிக்க வைத்துவிட்டேன். இல்லை, தப்பாக எழுதிவிட்டேன். உங்களுக்கு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. என் மனதில் நீங்கள் என்னைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிவிட்ட வயதிலேயே நிற்கிறீர்கள் போலிருக்கிறது.

லெம்பி


ஹார்லோ லேக்,
பிப்ரவரி 20

லெம்பி,

உன் கடுதாசியை வில்ஹோ கடையில எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினான். எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான். அவன் காப்பி வாங்கிக் கொடுத்து நான் பாத்ததே இல்லை. எல்லாரும் வெளிய போனதும் பலகையில இருந்து அதைப் பிடுங்கிட்டேன். என் மேல பழி இல்லைன்னு ஊருக்குத் தெரிஞ்சாச்சு, போதும். உன் பேரு அங்கே தப்பு பண்ணினவள்னு தொங்கிக்கிட்டிருக்கறது எனக்குப் பிடிக்கலை.

ஜெயிச்சேன்ல? சந்தோஷமா இருக்கணும்ல? கேளு.

வெட்டின இடத்தை அடைக்கப் போனேன். மிஸ் ஹகாலா கோட்டும் தொப்பியும் போட்டு, ரெண்டு ஜோடி கையுறை மாட்டிக்கிட்டு, அறைக்குள்ள உக்காந்திருக்காங்க. "சுவர் நல்ல சுவர்னு நிரூபிச்சுட்டே, ஆர்வோ. சந்தோஷம். இப்ப எனக்கு ஏன் குளிருது?"ன்னாங்க.

கீழே மண்டி போட்டு, பிளக் இருக்கிற இடத்துல கையை வெச்சேன். காத்து வருது. கத்தி மாதிரி வருது. பஞ்சு இருக்கிற சுவருக்குள்ள இருந்து காத்து எப்படி வரும்?

போன வாரம் மாடி அறை ஆஸ்கரை உடம்பு சில்லிட்டுப் போச்சுன்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. பிழைச்சுட்டார். பஞ்சு இருக்கோ இல்லையோ, வயசானவங்க விறைக்கறாங்க, அதனால மூடத்தான் வேணும்னு மாவட்டக் குழுவுல பேசிக்கறாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான்.

உன் ரிப்போர்ட் தப்பு. ஆனா வீடு குளிருது. எனக்கு ஒண்ணும் புரியலை. உனக்கு என்ன தோணுது? கோபமா கேக்கலை. நிஜமாவே கேக்கறேன்.

ஆர்வோ

பி.கு. எல்னா ரொட்டி அனுப்பியிருக்கா. பெட்ரோல் பங்க் கதையைப் படிச்சதுல இருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.


மினியாபொலிஸ்,
பிப்ரவரி 24

அண்ணா,

ரொட்டியில் பாதியை வந்த அன்றே தின்றுவிட்டேன்.

நீங்கள் கேட்டபிறகு, அன்று அறைகளுக்குள் எடுத்த படங்களை மறுபடி பரப்பிப் பார்த்தேன். நாலு அறைகள்தான் எடுத்திருந்தேன், அதுவும் ஓடிக்கொண்டே. பிளக்குகளைச் சுற்றியும், சுவர் தரையைத் தொடுகிற இடத்திலும், பூனை பிறாண்டியது போலக் கறுப்புக் கோடுகள். பஞ்சு இல்லாததால் என்று அன்று முடிவுகட்டிவிட்டேன். பஞ்சு இல்லாத சுவர் பட்டையாகக் கறுக்கும், இப்படிக் கோடுகோடாகக் கீறாது. இது காற்று. படம் அன்றே சரியாகச் சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் கேட்கப் பொறுமையில்லை.

இவ்வளவு காற்று உள்ளே வருகிறதென்றால், அதே அளவு எங்கேயோ வெளியே போகிறது. சூடான காற்று மேலேதான் போகும். எங்கேயோ மேலே ஒரு வழி திறந்திருக்கிறது. அது உறிஞ்ச உறிஞ்ச, கீழே கிடைத்த சந்தில் எல்லாம் குளிர் நுழைகிறது. சுவரைப் பஞ்சால் எவ்வளவு அடைத்தாலும் இது நிற்காது.

கேமரா இல்லாமலே தேடலாம். காற்று வீசாத, நல்ல குளிர்நாளாகப் பார்த்து, வெளிக்கதவுகளை மூடிவிட்டு, புகையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பாருங்கள். குழாய்கள் மேலே ஏறுகிற அலமாரிகளை முக்கியமாக. உங்கள் பழைய சுருட்டுப் பெட்டி பட்டறையில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணியிடம் இது ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

பிறகு கூரைப் பரணில் ஏறிப் பாருங்கள். எங்கேயாவது பஞ்சு அழுக்கேறிக் கறுத்திருந்தால், அதன் வழியாகத்தான் காற்று போகிறது. வீட்டுத் தூசி முழுக்க அதில் வடிகட்டப்பட்டிருக்கும்.

லெம்பி


ஹார்லோ லேக்,
மார்ச் 2

லெம்பி,

ஆராய்ச்சி நடந்துச்சு. எல்னா நம்பலை, ஆனா விட்டுட்டா.

நான் சுருட்டைப் பத்த வெச்சுக்கிட்டுத் தாழ்வாரத்துல நடந்தா, பின்னாலயே ஒன்பது பேர் கைத்தடியும் நடைவண்டியுமா வராங்க, கல்யாண ஊர்வலம் மாதிரி. "இங்கே ஊது, ஆர்வோ", "என் அறையில ஊதலையே"ன்னு ஒரே ரகளை. நாலு வருஷமா புகை பிடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன ஒருத்தர் மூக்கை நீட்டிக்கிட்டே வந்தார். பிளக் பக்கத்துல புகை என் மூஞ்சிக்குத் திரும்புது. குளியலறைக்குப் பக்கத்துல குழாய் ஏறுற அலமாரி இருக்கே, அதைத் திறந்தேன். புகை அப்படியே மேலே போச்சு. அடுப்புப் புகைபோக்கியில போற மாதிரி.

பரண்ல ஏறினேன். குழாய்த் தடத்துக்கு மேல பஞ்சு கரி மாதிரி கறுத்துக் கிடக்கு. மேல கூரை ஆணியெல்லாம் பனி பூத்து வெள்ளையா நிக்குது. பஞ்சை விலக்கினா ஓட்டை. என் தோள் நுழையற அகலம். அடித்தளத்துல இருந்து பரண் வரைக்கும் நேரா ஒரு கிணறு. அந்த மாதிரி மூணு இருக்கு, மூணுக்கும் மூடி இல்லை.

மூடி எங்கேன்னு கேளு. பக்கத்துலயே பஞ்சுக்கு அடியில இருக்கு. மூணு பிளைவுட் பலகை. அளவெடுத்து வெட்டி, ஓரம் இழைச்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்சிருக்கு. பென்சில்ல எழுத்து, என் கையெழுத்து. ஒண்ணு, ரெண்டு, மூணு. அக்டோபர் 13, 76.

ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் வெட்டி முடிச்சு, அடிக்க ஆணி எடுத்தேன். மூணு மணிக்கு ஒரு அவசரம். இறங்கிப் போயிட்டேன். திரும்பி வர பத்து நாள் ஆச்சு. அதுக்குள்ள பரண்ல பஞ்சு கொட்டற ஆட்கள் வந்து எல்லாத்தையும் மூடிட்டுப் போயிட்டாங்க. நான் மேல ஏறிப் பாக்கவே இல்லை.

பலகையை மடியில வெச்சுக்கிட்டு அந்தக் குளிர்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். இல்லம் திறந்து ரெண்டு குளிர்காலம், லெம்பி. அந்த அம்மா ரெண்டு குளிர்காலம் தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்கியிருக்காங்க. ஆஸ்கர் செத்திருந்தா அது என்னாலதான்.

அடிச்சுடலாம்னு சுத்தியலை எடுத்தேன். வேணாம், முதல்ல நீ ஒருதரம் உன் கண்ணால பாருன்னு தோணுச்சு. இந்த வாரம் குளிர் கொஞ்சம் விட்டிருக்கு, அறைக்கு அறை ஹீட்டர் வெச்சிருக்கோம், அதுவரைக்கும் தாங்கும். வர முடியுமா?

ஆர்வோ


மினியாபொலிஸ்,
மார்ச் 6

அண்ணா,

வருகிறேன். கிரெய்க்கிடம் போய் நின்றேன். "நீ கெடுத்ததை நீயே சரிபண்ணு" என்று சொல்லிக் கேமராவைக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறேன். சனிக்கிழமை விடிவதற்குமுன் ஒரு தடவை, நீங்கள் மூடிகளை அடித்தபின் ஞாயிறு விடிவதற்குமுன் ஒரு தடவை எடுப்போம். இந்த முறை உங்கள் வீட்டில்தான் தங்குவேன். யார் எதைச் சொன்னாலும் சொல்லட்டும்.

அக்டோபர் 13 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு அவசரம் என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் கவனிக்க மாட்டேன் என்று நினைத்தீர்களா?

அன்றுதான் வால்ட்டர் ஆபீசில் சாய்ந்தார். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னார்கள். நான் உங்கள் வேலையிடத்துக்கு போன் செய்தபோது பேச்சே வரவில்லை. நீங்கள், "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டீர்கள். இருநூறு மைல். ஏழு மணிக்கு முன்பே வாசலில் நின்றீர்கள். என் கணவரைப் புதைத்தபின்னும் நான் தனியாகத் தூங்கப் பழகும்வரை, பத்து நாள் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தீர்கள். அங்கே வேலை என்னவாயிற்று என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

அண்ணா, கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். சொன்னால் ஒருவரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் எழுதித் தருகிறேன்.

லெம்பி


ஹார்லோ லேக்,
மார்ச் 21

லெம்பி,

நீ போனதுல இருந்து எல்னா உன் காப்பிக் கோப்பையைக் கழுவாம வெச்சிருக்கா. கேட்டா மறந்துட்டேங்கறா.

அந்தச் சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி நீயும் நானும் பள்ளிக்கூட மாடிப் படியில நின்னு கேமராவுல இல்லத்தைப் பாத்ததை நான் மறக்க மாட்டேன். பனி மூடின கூரையில வெள்ளை வெள்ளையா மூணு இடம், கறுப்புச் சட்டியில முட்டை உடைச்சு ஊத்தின மாதிரி. நான் விட்ட ஓட்டையை நானே பாத்தேன். மறுநாள் காலையில கூரை முழுக்கக் கறுப்பு. நீ திரையைப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டிருந்தே. எனக்குத் தெரியும்.

முந்தாநாள் கூட்டம். பள்ளிக்கூட ஹால் நிறைஞ்சு போச்சு. உன் படங்களைச் சுவத்துல ஒட்டியிருந்தாங்க. நான் எழுந்து சொன்னேன்: "மூடி போடறது என் வேலை. வெட்டினேன், அடிக்கலை. குளிருக்குக் காரணம் அதான். இப்ப அடிச்சாச்சு." தலைவர் கேட்டார், "ஏன் அடிக்கலை?" நீ சொன்னது வாய் வரைக்கும் வந்துச்சு. "இறங்கிப் போனேன், திரும்பி வந்து பாக்கலை"ன்னேன். அவ்வளவுதான்.

கோபப்படாதே. வால்ட்டர் நல்லவன். அவன் சாவை முன்னாடி நீட்டி நான் ஒளிஞ்சுக்க மாட்டேன். பத்து நாள் உன்கூட இருந்தது தப்பில்லை. திரும்பி வந்து ஏணியில ஏறாததுதான் தப்பு. அதுக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை நல்லா மனசுல வெச்சுக்கோ, உன் புத்தி எங்கே போகும்னு எனக்குத் தெரியும்.

மூடுங்கன்னு சொல்லப் போறாங்கன்னு நினைச்சேன். மிஸ் ஹகாலா எழுந்தாங்க. ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. "நாப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சில உக்காந்திருந்தேன்"ன்னாங்க. "இந்த ஊர்ல தப்பான நம்பர் கேட்டுட்டேன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாரும் நான்தான் தப்பா இணைச்சேன்னாங்க. இந்தக் குளிர்காலத்துல ஒரே வீட்டுல ரெண்டு பேர் தப்பு தங்களோடதுன்னு தாங்களே சொல்லியிருக்காங்க. இவங்களை நம்பாம நான் டுலூத்துல முகம் தெரியாத ஆள் கட்டின வீட்டை நம்பணுமா?"

நாலுக்கு ஒண்ணு ஓட்டு. இல்லம் மூடலை.

நேத்து காலையில வில்ஹோவும் இன்னும் மூணு பேரும் வந்து, பிளக், கதவு ஓரம் எல்லாத்தையும் என்கூட நின்னு அடைச்சுக் கொடுத்தாங்க. நான் கூப்பிடலை. சாயங்காலம் மிஸ் ஹகாலா அறைக்குப் போனேன். கோட்டு இல்லை, தொப்பி இல்லை. "ஆர்வோ, வெந்து போறேன்"ன்னு ஜன்னலைத் திறந்து வெச்சிருக்காங்க, வெளிய பூஜ்யத்துக்குக் கீழே ஆறு.

ஆர்வோ


மினியாபொலிஸ்,
ஏப்ரல் 3

அண்ணா,

எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் எழுதிய வரியைப் பலமுறை படித்தேன். முழுதாக நம்ப முடியவில்லை. ஆனால் நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வது என் பழக்கம், இதையும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பத்து நாட்களைப் பற்றி நாம் பேசியதே இல்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீங்கள் வேலை செய்யும் பூட்ஸோடு, தலைமுடியெல்லாம் மரத்தூளோடு வந்து நின்றீர்கள். ஒரு செவிலி துடைப்பத்தோடு வந்து உங்களை முறைத்தாள். வால்ட்டர் கண்ணை மூடிய சிறிது நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உங்கள் புருவத்தில் ஒரு சுருள் மரச்சீவல் ஒட்டிக்கொண்டு ஆடியதைப் பார்த்து. பிறகுதான் அழ முடிந்தது. அந்தச் சீவல் எந்தப் பலகையிலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. கூட்டத்தில் நீங்கள் அதைச் சொல்லாதது சரிதான். அது நமக்குள் இருக்கட்டும்.

ஒரு சேதி. வரும் குளிர்காலத்துக்கு வட பகுதிக்கென்று தனியாக ஒரு கேமராவும் ஆளும் வேண்டுமாம். உங்கள் மாவட்டத்தோடு இன்னும் மூன்று சேர்ந்து கேட்டிருக்கின்றன. அந்தக் குளிருக்கு எங்கள் ஆபீசில் யாரும் போக ஒப்பவில்லை. கிரெய்க் என்னைக் கூப்பிட்டு, "நீதான் போகணும், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்" என்றார். தண்டனை கொடுப்பதாக அவருக்கு நினைப்பு. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "சரி, வேற வழியில்லையே" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்ச் சிரித்தேன்.

எனக்கு ஒரு அறை வேண்டும். ஊரில் வாடகைக்கு ஏதாவது இருக்கிறதா என்று விசாரிப்பீர்களா? உங்களுக்கும் அண்ணிக்கும் தொந்தரவாக இருக்க விருப்பமில்லை. இதை எழுதும்போதே அண்ணியின் முகம் தெரிகிறது. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

லெம்பி


ஹார்லோ லேக்,
ஏப்ரல் 10

லெம்பி,

வாடகைக்கு இடம் இருக்கான்னு உங்க அண்ணிக்கிட்டே வாசிச்சுக் காட்டினேன். கரண்டியைக் கீழே வெச்சுட்டு, "அவளுக்குப் பைத்தியமா?"ன்னா. பதில் அவ்வளவுதான். மாடி அறையில இருந்த என் சாமானை எல்லாம் அன்னிக்கே பட்டறைக்குத் தள்ளிட்டா. திரைச்சீலைக்குத் துணி வாங்கியாச்சு. நீலமா பச்சையான்னு கேக்கறா, பதில் போடு.

ஒண்ணு கேக்கணும். இந்த வீட்டை நான் கட்டினது ஐம்பத்தொம்பதுல. முதல் குளிர்காலத்துல இருந்தே எல்னா கால்ல கம்பளி உறை போட்டுக்கிட்டுத்தான் தூங்கறா. உடம்பு வாகுன்னு நினைச்சேன். இப்ப பிர்ச் இல்லத்தைப் பாத்ததுக்கு அப்புறம் எனக்குச் சந்தேகமா இருக்கு. அவகிட்டே கேட்டேன், "எத்தனை வருஷமா குளிருது உனக்கு?" "இருபது"ன்னா. "ஏண்டி சொல்லலை?"ன்னேன். "நீ கட்டின வீடாச்சே"ன்னா.

நவம்பர்ல வந்ததும் முதல்ல காப்பி குடி, தூங்கு. விடியறதுக்கு முன்னாடி எழுப்பறேன். நம்ம வீட்டைச் சுத்தி வந்து ஒவ்வொரு சுவரா எடு, அவசரம் இல்லாம. வெள்ளையா தெரியற இடத்தையெல்லாம் சொல்லு. நான் பக்கத்துலயே சாக்கட்டியோட நின்னு குறிச்சுக்கறேன்.

ஆர்வோ